காரின் பின்புறத்தைக் காட்டும் காமிரா: வாங்குதலும் பொருத்துதலும்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள்கோயில் செல்லும் சாலையும், வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையும் ஒரகடத்தில் ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன. அந்த நாற்சந்தியில் சிறிது நேரம் நின்றால், புதிய கார்களை இரண்டடுக்காக ஏற்றிக்கொண்டு நீண்ட லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போவதைக் காணலாம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998-ஆம் ஆண்டில் சான்ட்ரோ காரை வெளியிடத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ, நிஸ்ஸான் நிறுவனங்களின் கூட்டு ஆலை 2010-இல் திறக்கப்பட்டது. டெய்ம்லர் லாரி ஆலை 2012-இல். இவ்வாலைகளுக்கு நிலத்தையும் ஆளையும் தந்த ஊர்களில் இன்று கார் என்பது அரும்பொருளன்று. தறி வீட்டுப் பிள்ளையொருவன் ஆலையில் வேலைக்கு அமர்ந்தால், சில ஆண்டுகளில் பழைய கார் ஒன்று வீட்டு வாசலில் நிற்கிறது. கத்தரிக்காயும் கீரையும் பயிரிடும் அங்கத்தினர் சிலர் சிறு சரக்கு வேன் வைத்திருக்கின்றனர். சங்கங்கள் சிலவும் வைத்திருக்கின்றன.

இவ்வாலைகளிலிருந்து இப்போது வெளிவரும் கார்கள் பலவற்றில் பின்புறத்தைக் காட்டும் காமிரா உண்டு. ஒரகடத்தில் உற்பத்தியாகி 2020 டிசம்பரில் விற்பனைக்கு வந்த நிஸ்ஸான் மாக்னைட் காரின் உயர்ந்த வகைகளில் நாற்புறமும் காட்டும் காமிராக்களே அமைந்திருந்தன. ஆனால் நம்மவர் கைக்கு வந்து சேர்வது பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓடிய கார். அதில் காமிராவும் இராது. பின்னால் தடை இருப்பதை ஒலியெழுப்பி அறிவிக்கும் கருவியும் இராது. அவ்வொலிக் கருவி நம் நாட்டில் புதிய கார்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டது 2019 ஜூலை 1-ஆம் தேதியிலிருந்துதான். அதற்கு முந்திய காருக்கு வேண்டுமானால் உடையவரே வாங்கிப் பொருத்திக்கொள்ள வேண்டும். காமிராவைப் பொருத்துவது எப்படி, எதில் ஏமாறாதிருக்க வேண்டும் என்பதை அங்கத்தினர் பலர் நம்மிடம் கேட்டதால் இதனை எழுதுகிறோம்.

முதலில், இது அலங்காரப் பொருளா, அவசியப் பொருளா என்னும் வினாவைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். நெசவாளர் தெருவை நாம் அறிவோம். காலையில் பாவை நீள விரித்து இழை சீர்பார்க்கும் தெரு அது. மற்ற நேரங்களில் அதுவே பிள்ளைகளின் விளையாட்டுக் களம்; முதியோர் திண்ணையிலிருந்து இறங்கிக் குந்தியிருக்கும் இடமும் அதுவே. கார் அந்தத் தெருவுக்குள் முகம் திருப்ப இடமில்லை. உள்ளே போனால் பின்னோக்கித்தான் வெளியே வரவேண்டும். கிராமத்தில் களத்துமேட்டிலும் இதே நிலைமைதான்.

பின்னோக்கி வரும் ஓட்டுநருக்கு எவ்வளவு தெரிகிறது? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓட்டுநரின் கண் தரையிலிருந்து 4 அடி உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். பின்கண்ணாடியின் கீழ்விளிம்பு கண்ணுக்கு 6 அடி பின்னால், மூன்றரை அடி உயரத்தில் இருக்கட்டும். கண்ணிலிருந்து அவ்விளிம்பைத் தொட்டுச் செல்லும் பார்வைக்கோடு 12 அடிக்கு ஓரடி வீதம் தாழ்ந்து செல்லும். நடக்கத் தொடங்கிய ஒரு வயதுக் குழந்தையின் உயரம் சுமார் இரண்டரை அடி. அதன் உச்சந்தலை அக்கோட்டைத் தொட வேண்டுமானால், அது கண்ணிலிருந்து 18 அடி பின்னால் நிற்க வேண்டும். சிறிய காரின் வால் கண்ணிலிருந்து 7 அடியில் முடிந்துவிடும். ஆகவே காருக்குப் பின்னே 11 அடி வரையில் எங்கு நின்றாலும் அக்குழந்தை ஓட்டுநர் கண்ணில் படாது. அவர் எவ்வளவு கழுத்தைத் திருப்பினும் படாது. தரையையே காண வேண்டுமானால் கண்ணிலிருந்து 48 அடி தள்ளிப்போக வேண்டும். அளவுகள் காருக்குக் கார் மாறும். பின்கதவு உயர்ந்த கார்களில் மறைவிடம் இன்னும் நீளும். மூடிய சரக்கு வேனில் பின்கண்ணாடியே பயன்படாது. சந்தேகமுடையோர் இரண்டரை அடிக் குச்சியொன்றை ஒருவர் கையில் கொடுத்துக் காருக்குப் பின்னே நடக்கச் செய்து, அதன் நுனி எங்கே கண்ணில் படுகிறதென்று தாமே அளந்து பார்க்கலாம்.

பக்கக் கண்ணாடிகள் காரின் இரு விலாக்களையே காட்டும். நேர் பின்புறத்தைக் காட்டமாட்டா. பின்னோக்கி எடுத்த வண்டியில் வீட்டுக் குழந்தையே அகப்பட்டுக்கொண்ட செய்திகளை நாளிதழ்களில் அவ்வப்போது படிக்கிறோம். அத்தகைய வீடுகளில் ஓட்டியவர் பெரும்பாலும் அயலாரல்லர், தந்தையோ மாமனோதான்.

அமெரிக்காவில் 2002-ஆம் ஆண்டில், நியூயார்க்கை அடுத்த லாங் தீவில், தந்தை பின்னோக்கி எடுத்த வண்டியில் சிக்கி இரண்டு வயதுக் குழந்தை காமரன் கல்பிரான்சன் இறந்தான். அப்பிள்ளையின் பெயரையே தாங்கிய சட்டம் ஒன்று 2008-இல் அங்கே நிறைவேறியது. இத்தகைய விபத்துக்களால் ஆண்டுதோறும் சுமார் 210 பேர் இறப்பதாகவும், 15,000 பேர் காயமடைவதாகவும் அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை கணக்கிட்டது. இறந்தோரில் 31 சதவீதம் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். முடிவில், 2018 மே முதல் அங்கு விற்கப்படும் புதிய கார்கள் அனைத்திலும் பின்காமிரா கட்டாயமாயிற்று. ரிவர்ஸ் கியர் போட்ட இரண்டு விநாடிக்குள் படம் வரவேண்டும்; காருக்குப் பின்னே 10 அடி அகலமும் 20 அடி நீளமும் உள்ள இடம் திரையில் தெரியவேண்டும் என்பது விதி. நாம் வாங்கும் காமிராவுக்கு அவ்விதி பொருந்தாதெனினும், சோதித்துப் பார்ப்பதற்கு நல்ல அளவுகோல் அது.

இது முற்றிலும் புதுமையானதென்றும் எண்ண வேண்டியதில்லை. 1956-இலேயே பியூக் நிறுவனம் காட்சிக்கு வைத்த செந்தூரியன் என்னும் காரில், பின்பார்வைக் கண்ணாடிக்குப் பதிலாக வாலில் டெலிவிஷன் காமிராவும் முன்பலகையில் திரையும் வைத்திருந்தார்கள். விற்பனைக்குரிய காரில் அது வந்தது 1991-இல், ஜப்பானில் டொயோட்டா சோரர் காரில். அன்று செல்வரின் விளையாட்டுப் பொருளாக இருந்தது இன்று ஆயிரம் ரூபாய்க்குள்ளும் கிடைக்கிறது.

வாங்கும்போது மூன்றைக் கவனிக்க வேண்டும்: காமிரா, திரை, இரண்டையும் இணைக்கும் வயர். கடைக்காரர் பெரும்பாலும் காமிராவைப் பற்றியே பேசுவார். 170 பாகை காட்டும் என்பார். அவ்வெண் மூலைக்கு மூலை அளந்த கணக்காக இருப்பதுண்டு. தவிரவும், அகலமாகக் காட்டும் ஆடியில் பொருள்கள் உள்ளதைவிடத் தூரத்தில் இருப்பதுபோல் தோன்றும். எண்ணைக் கேட்டு மயங்க வேண்டியதில்லை. தண்ணீரும் தூசியும் புகாத தரத்தையே முக்கியமாகக் கேட்க வேண்டும். 'ஐ.பி. 67' என்றிருந்தால் முதல் எண் 6 தூசி அறவே புகாது என்பதையும், இரண்டாம் எண் 7 ஒரு மீட்டர் ஆழ நீரில் அரைமணி நேரம் கிடந்தாலும் கெடாது என்பதையும் குறிக்கும். ஒரகடம் பக்கத்தில் லாரிகள் கிளப்பும் புழுதியையும் ஐப்பசி மழையையும் அறிந்தவர்கள் இதற்குக் குறைந்ததை வாங்கமாட்டார்கள்.

திரை மூன்று வகை. காரில் ஏற்கெனவே தொடுதிரை ஸ்டீரியோ இருந்தால் அதிலேயே காமிராவைச் சேர்க்கலாம், செலவு குறையும். இல்லையெனில், உட்புறக் கண்ணாடியின்மேல் மாட்டும் கண்ணாடி வடிவத் திரை உண்டு. பழைய கார்களுக்கு நாம் அதையே விரும்புகிறோம். ஓட்டுநர் பின்புறம் பார்க்கப் பழகிய இடத்திலேயே படமும் தெரிகிறது. முன்பலகையில் ஒட்டும் சிறு திரை மூன்றாவது. வெயிலில் நின்ற காரில் அதன் பசை இளகி விழுவதுண்டு. எந்தத் திரையாயினும் காமிரா அனுப்பும் படமுறையும் திரை ஏற்கும் படமுறையும் ஒன்றாக இருக்கவேண்டும். பழைய முறையில் பி.ஏ.எல்., என்.டி.எஸ்.சி. என இருவகை, புதிதாக ஏ.எச்.டி. என்ற தெளிவான முறை வந்திருக்கிறது. பொருந்தாவிட்டால் படம் உருளும், அல்லது கறுப்பாகவே இருக்கும். காமிரா பழுதென்று திருப்பிக் கொடுக்கப்படுபவற்றில் பல இப்படிப் பொருந்தாதவையே. சென்னை ஜெனரல் பாட்டர்ஸ் சாலைக் கடைகளில் வாங்குவோர், கடையிலேயே இரண்டையும் இணைத்துக் காட்டச் சொல்லி, பிறகே பணம் கொடுக்க வேண்டும். கார்களுக்கும் சிறு வேன்களுக்கும் 12 வோல்ட். பெரிய லாரிக்கு 24 வோல்ட். மாற்றி வாங்கினால் காமிரா புகைந்து போகும்.

வயரில்லாக் காமிரா என்றும் ஒன்று விற்கிறார்கள். பெயர்தான் அப்படி. படம் மட்டுமே காற்றில் வருகிறது; மின்சாரத்துக்கு இரு முனையிலும் வயர் வேண்டும். மலிவானவற்றில் பக்கத்திலுள்ள பிற கருவிகளின் அலைகள் குறுக்கிட்டுப் படம் நடுங்கும். குழந்தை பின்னால் நிற்கும் அந்த ஒரு விநாடியில் படம் நடுங்கினால் வாங்கியதன் பயன் என்ன? வயருள்ளதையே வாங்குக.

இனிப் பொருத்தும் முறை. வேலை தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனுக்கு அரைநாள் வேலை இது. உடனிருந்து கவனிக்க உடையவருக்கு விஷயம் தெரிந்திருப்பது நல்லது. மின்சாரம் ரிவர்ஸ் விளக்கிலிருந்து எடுக்கப்படுகிறது. ரிவர்ஸ் கியர் விழும்போது மட்டுமே அவ்விளக்கு எரியும். ஆகவே காமிராவும் அப்போது மட்டும் உயிர்பெறும். எந்த வயர் என்று கண்டுபிடிக்க, சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்து, கைப்பிரேக்கைப் போட்டு, எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பி, ரிவர்ஸ் கியரைப் போட்டு, டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்க்க வேண்டும். கண்டபின் பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டே இணைப்பு வேலையைத் தொடங்க வேண்டும். காமிராவின் சிவப்பு வயர் விளக்கின் உயிர்வயரிலும், கறுப்பு வயர் நல்ல எர்த்திலும் சேரும். பெயின்டின்மேல் திருகிய எர்த் எர்த்தன்று. உலோகம் தெரியச் சுரண்ட வேண்டும்.

ரிவர்ஸ் பல்பு 21 வாட். 12 வோல்ட்டில் ஒன்றேமுக்கால் ஆம்பியர் உறிஞ்சும். காமிரா உறிஞ்சுவது அதில் பத்திலொரு பங்களவே. எனவே அந்த வயர் காமிராவைத் தாங்கும். ஆனால் திரைக்கும் மின்சாரத்தை அங்கிருந்தே எடுக்கலாகாது. திரைக்குச் சாவி திருப்பினால் மின்சாரம் வரும் வயரிலிருந்து, தனிப் பியூஸ் வைத்து எடுக்க வேண்டும். பியூஸ் இல்லாத இணைப்பு சிக்கனமாகாது. கார் எரிவதற்குச் செய்து வைக்கும் ஏற்பாடாகும். பட வயரோடு ஒட்டி வரும் மெல்லிய சிவப்பு வயர் ஒன்றுண்டு. பின்முனையில் அதை ரிவர்ஸ் விளக்கின் உயிர்வயரோடும், முன்முனையில் திரையின் ரிவர்ஸ் வயரோடும் சேர்த்தால், கியர் விழுந்தவுடன் திரை தானே காமிராவுக்கு மாறும். அவசரக்காரர் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். பிறகு ஓட்டுநர் ஒவ்வொரு தடவையும் பொத்தானைத் தேடுகிறார், சில நாளில் தேடுவதை நிறுத்திவிடுகிறார்.

வயர் செல்லும் வழியே பொருத்தலின் உயிர்நாடி. ஒரு சங்கத்தின் கணக்கைத் தணிக்கை செய்தபோது, வேன் காமிரா பழுது பார்த்ததென ஒரே ஆண்டில் மூன்று வவுச்சர்களைக் கண்டோம். மூன்று தடவையும் புதிய காமிரா வாங்கப்பட்டிருந்தது. வேனைப் பார்த்தோம். வயர் பின்கதவின் கீலருகே வெளியிலேயே இழுத்து விடப்பட்டிருந்தது. சரக்கு ஏற்ற நாளொன்றுக்குப் பலமுறை திறந்து மூடும் கதவு. வயர் மடிந்து மடிந்து உள்ளே செம்பு அறுந்துபோயிற்று. மூன்று காமிராக்களும் நல்லவையே. கீலருகே காரிலேயே ஒரு ரப்பர் குழாய் இருக்கிறது. விளக்கின் வயர்களும் அதனுள்தான் செல்கின்றன. காமிரா வயரையும் அதனுள்ளே செலுத்தி, சிறிது தளர்வு விட்டுக் கட்டியபின் அவ்வேனில் பழுது வரவில்லை. பிறகு வாசற்படிப் பட்டையின் அடியில் வயரை முன்னே கொண்டுவர வேண்டும். கதவுத் தூண்களில் காற்றுப்பை உள்ள கார்களில் தூண்வழியே வயரை இழுக்கலாகாது. மஞ்சள் நிற இணைப்பைக் கண்டால் கைவைக்க வேண்டாம். தகட்டில் துளையிட்டால் துளையின் விளிம்புக்குப் பிரைமர் தடவ வேண்டும். இல்லாவிடில் இரண்டு மழையில் துரு பிடிக்கும்.

ஆலையில் பொருத்தப்படும் காமிரா பல சோதனைகளைக் கடந்து வருகிறது. வண்டியின் ஒரு கருவி மற்றொரு கருவியின் வேலையைக் கெடுக்கிறதா என்று பார்க்கும் சோதனைச் சாலை ஒரகடத்திலுள்ள வாகன ஆராய்ச்சி மையத்திலேயே இருக்கிறது. கடையில் வாங்கும் காமிராவுக்கு அச்சோதனையை நாமே செய்துகொள்ள வேண்டியதுதான்: ரேடியோவை வைத்து ரிவர்ஸ் கியர் போட்டால் இரைகிறதா, விளக்குகளைப் போட்டால் படத்தில் கோடு ஓடுகிறதா என்று பார்க்கலாம். ஓடினால் பெரும்பாலும் எர்த் சரியில்லை. புதிய கார்கள் சிலவற்றில் பல்புக்கு மின்சாரம் விட்டுவிட்டுப் போகும், படம் சிமிட்டும். அதற்குச் சிறு ரிலே வேண்டும். காப்புறுதிக் காலம் முடியாத காரில் வயரை வெட்டினால், மின்பழுதுகளுக்குப் பொறுப்பேற்க நிறுவனம் மறுக்கக்கூடும். வெட்டாமல் இணைக்கும் சாக்கெட்டுகள் விற்கின்றன. அவற்றையே உபயோகிக்க வேண்டும்.

காமிராவை எங்கே வைப்பது? நம்பர் பிளேட்டின் திருகிலேயே மாட்டும் வகை மலிவு. ஆனால் 2019 ஏப்ரல் முதல் புதிய வண்டிகளுக்கு வந்த உயர்பாதுகாப்பு நம்பர் பிளேட்டின் பூட்டுக்களை உடைக்காமல் கழற்ற முடியாது, கழற்றவும் கூடாது. எண்ணை மறைப்பதும், எண் விளக்கை மறைப்பதும் குற்றம். ஆகவே நம்பர் பிளேட்டுக்கு மேலுள்ள கைப்பிடிப் பட்டையின் நடுவில் வைப்பதே நலம். திரையின் அடிவிளிம்பில் நம் சொந்த பம்பரின் ஓரம் சற்றே தெரியும்படி சாய்க்க வேண்டும். பம்பர் தெரியாவிட்டால் அதை ஒட்டி நிற்பதும் தெரியாது. பலர் வானத்தையும் பின்வரும் வண்டியின் முகத்தையும் அழகாகக் காட்டும்படி பொருத்திவிட்டு மகிழ்கிறார்கள்.

படம் கண்ணாடியில் காண்பதுபோல் இடம் இடமாகவே இருக்கவேண்டும். மாறியிருந்தால் காமிரா வயரில் உள்ள சிறு வளையம் ஒன்றை வெட்டிச் சரிசெய்யலாம். எந்த நிறம் என்பது உடன்வரும் தாளில் இருக்கும். திரையில் தெரியும் பச்சை, மஞ்சள், சிவப்புக் கோடுகள் கோடுகளே தவிர அளவுகளல்ல. காமிரா எவ்வளவு உயரத்தில் இருக்கிறதென்பது அவற்றுக்குத் தெரியாது. சமதரையில் காரை நிறுத்தி, பம்பரிலிருந்து 3 அடி, 6 அடி, 10 அடி அளந்து கோலமாவால் கோடிட்டு, ஒவ்வொன்றின்மேலும் ஒரு குடத்தை வைத்து, அவை திரையில் எங்கே தெரிகின்றன என்று ஓட்டுபவர்கள் அனைவரும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். சிவப்புக் கோடு மூன்றடியில் விழும்படி காமிராவைச் சாய்த்துக்கொண்டால் மேலும் நல்லது. இந்த வேலைக்கு வீட்டுப் பெண்கள் காட்டும் அக்கறையை ஆண்கள் காட்டக் காணோம்.

தனியே வாங்கிப் பொருத்திய மின்கருவி இன்ஷூரன்ஸ் பாலிசியில் தானாகச் சேராது. அறிவித்துச் சிறிது கூடுதல் பிரீமியம் கட்டினால்தான் அதற்கு நஷ்டஈடு கிடைக்கும். ஆயிரம் ரூபாய்ப் பொருளுக்கு வேண்டாமென்று விடலாம்; விலையுயர்ந்த திரையானால் கவனிக்கத்தக்கது.

காமிரா வந்ததும் ஓட்டுநர் தலையைத் திருப்புவதை விட்டுவிடுகிறார் என்பதே நமக்குள்ள கவலை. அமெரிக்காவில் இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள் நடத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் கழகம் ஆராய்ந்ததில், போலீஸில் பதிவான பின்னோட்ட விபத்துக்கள் காமிராவால் சுமார் 17 சதவீதமே குறைந்திருந்தன. வெறுங்கையாக இருப்பதற்கு அது மேலானதே. ஒரு தெருவில் ஒரு குழந்தை தப்பினாலும் ஆயிரம் ரூபாய் பெரிதன்று. ஆயினும் மற்ற 83 பங்கு அப்படியே இருக்கிறது. திரையைப் பாராதவருக்குக் காமிரா உதவாது. பக்கவாட்டிலிருந்து ஓடிவரும் பிள்ளையைத் திரை காட்டும் விநாடியில் வண்டி நகர்ந்தும் விட்டிருக்கும். ஏறுமுன் வண்டியை ஒருமுறை சுற்றிப் பார்ப்பது, தெருவில் வேறு ஒருவரைப் பின்னால் நிற்கச் சொல்வது, நடைவேகத்துக்கு மேல் பின்னோக்கிச் செலுத்தாதிருப்பது ஆகிய பழக்கங்கள் காமிரா வந்தபின்னும் தொடரவேண்டும். பின்நிற்பவர் ஓட்டுநரின் பக்கக் கண்ணாடியில் தெரியும்படி ஓரமாக நிற்க வேண்டும். நடுவில் நின்று கைகாட்டும் சிறுவர்களைக் கண்டால் நமக்கு நெஞ்சு பதைக்கிறது. ஒலிக்கருவியையும் சேர்த்துப் பொருத்த இயன்றால் பொருத்தலாம். அது ஏறக்குறைய ஒன்றரை மீட்டருக்குள் உள்ளதை அறிவிக்கும்; எனினும் மெல்லிய கம்பியையும் தாழ்ந்து கிடப்பதையும் தவறவிடும்.

பராமரிப்பு அதிகமில்லை. காமிராவின் ஆடியை உலர்ந்த துணியால் தேய்த்தால் புழுதியே அதைக் கீறிவிடும். முதலில் தண்ணீர் விட்டு, பிறகு மெல்லிய துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். ரிவர்ஸ் பல்பு எரிகிறதா என்று மாதம் ஒருமுறை பார்ப்பது அவசியம். பல்பு போனாலும் மின்சாரம் வருவதால் காமிரா வேலை செய்துகொண்டேயிருக்கும். பகலில் வித்தியாசம் தெரியாது. இரவில் திரையில் இருட்டு மட்டுமே தெரியும்.